மூணு லாட், ஒரே பேரல்: என் ரேஞ்சு நாட்குறிப்பு

ஜனவரி 4

மூணு லாட்டும் (லாட்டுன்னா ஒரே தடவைல தயாரிச்ச ரவுண்டுகளோட தொகுதி) கைக்கு வந்தாச்சு, என் ரைஃபிளுக்கு எது ஒத்துவருதுன்னு சோதிக்கணும். மூணுமே பாயிண்ட் டூ டூ லாங் ரைஃபிள் (.22) வகை, 40 கிரெயின் எடை ஈயத் தோட்டா, சத்தத்தோட வேகத்துக்குக் கீழ போற டார்கெட் ரவுண்டு. டப்பால கொட்டி விக்கிற மலிவு சரக்கும் இல்ல, ஈலி டெனெக்ஸ், லாப்புவா எக்ஸ்-ஆக்ட், ஆர்டபிள்யூஎஸ் ஆர்50 மாதிரி உச்சில இருக்கிறதும் இல்ல. பிராக்டிஸுக்கும் கிளப் மேட்ச்சுக்கும் பெரும்பாலும் நாம சுடுறது இந்த நடு வகைதான், ஆனா இதப் பத்தி பேச்சு வந்தா "நல்லா போகுது"ன்னு ஒருத்தர், "எனக்கு செட் ஆகல"ன்னு இன்னொருத்தர், அதோட முடிஞ்சிடுது. போன வருஷம் நானும் ஒரே ஒரு அஞ்சு ரவுண்டு குரூப் (சுட்டதுல ரொம்ப தள்ளி இருக்கிற ரெண்டு ஓட்டைக்கு நடுவுல உள்ள தூரம்) 9 மில்லிமீட்டர் வந்துச்சேன்னு நம்பி ஒரு லாட்ட மொத்தமா எடுத்தேன், மேட்ச்ல நல்லா விட்ட ஷாட் கூட பத்துக்குப் பதிலா ஒம்போது வளையத்துல போய் உக்காந்துச்சு, காரணமே புரியல. அந்த வலி இன்னும் இருக்கு, அதனாலதான் இந்தத் தடவ எல்லாத்தையும் எழுதி வெக்கிறேன்.

பிராண்டு பேர் எழுத மாட்டேன். நான் பாக்கிறது பிராண்ட இல்ல, டப்பா மடிப்புல அச்சடிச்சிருக்கிற லாட் நம்பர. அதே பேர், அதே கலர் டப்பாவா இருந்தாலும் லாட் மாறினா வேற ரவுண்டுன்னே நெனச்சுக்கணும். அதனால மூணு லாட்டுக்கும் பேர் அ, ஆ, இ.

ஜனவரி 5

அளவுகோல் முதல்ல. 50 மீட்டர் ரைஃபிள் டார்கெட்ல பத்து பாயிண்ட் வளையத்தோட குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். தோட்டாவோடது 5.6. ஓட்டையோட ஓரம் கோட்டத் தொட்டாலே பத்துதான், அப்போ ஓட்டையோட நடு மையத்துலேர்ந்து 8 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா போதும். அதாவது 16 மில்லிமீட்டர் வட்டத்துக்குள்ள எல்லாம் விழுந்து, அந்த வட்டமும் சரியா நடுவுல உக்காந்தா எல்லாமே பத்து. என் மனசுல இனிமே 16தான் கோடு.

ஜனவரி 11

பெஞ்ச்ல முன்னாடி ரெஸ்ட், பின்னாடி மணல் பை, உள்ளரங்கு ரேஞ்சு, காத்து இல்ல. வெளிய சோதிச்சா செகண்டுக்கு 1 மீட்டர் குறுக்குக் காத்து அடிச்சாலே 50 மீட்டர்ல கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் தள்ளிடும், அப்புறம் ரவுண்டக் குத்தம் சொல்றதா காத்தக் குத்தம் சொல்றதா.

லாட் மாத்தும்போது மொதல் 15 ரவுண்ட கணக்குல சேக்கல. ஒவ்வொரு கம்பெனியும் தோட்டா மேல தடவுற மெழுகு வேற வேற, பேரலுக்குள்ள (துப்பாக்கிக் குழல்) பழைய மெழுகு போய் புதுசு படியுற வரைக்கும் ஓட்டை அங்கயும் இங்கயும் அலையும். இத நெறய பேர் செய்றதே இல்ல, ரெண்டு ரவுண்டு விட்டுட்டு உடனே குரூப் போட்டு பாத்து "இது தேறாது"ன்னுடுறாங்க.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணுலயும் சும்மா அஞ்சஞ்சு. குரூப் மில்லிமீட்டர்ல: அ 13, ஆ 12, இ 7. ஏழு! ஒரே ஓட்டை கிழிஞ்ச மாதிரி இருந்துச்சு. கை துறுதுறுன்னு இருந்தாலும் முடிவு எதுவும் எடுக்கல. ஒரே லாட்ல அடுத்தடுத்து போடுற அஞ்சு ரவுண்டு குரூப்பே 7ம் வரும் 14ம் வரும், அது வெறும் அதிர்ஷ்டத்தோட ஆட்டம்.

ஜனவரி 12

இன்னிக்கு க்ரோனோ (தோட்டா வேகத்த அளக்கிற கருவி) வெச்சு இ லாட்ட பத்து சுட்டேன். வேகம் செகண்டுக்கு 324, 326, 325 மீட்டர்னு சீரா போயிட்டிருக்கு, ஏழாவது ரவுண்டுல சத்தமே வேற மாதிரி, கொஞ்சம் அமுங்கின "டப்". ஸ்கோப்ல பாத்தா நேர் கீழ, ஆறு மணி திசைல, குரூப்ப விட்டு 11 மில்லிமீட்டர் எறங்கி தனியா ஒரு ஓட்டை. க்ரோனோல 311.

கணக்கும் ஒத்துப்போகுது. தோட்டா 50 மீட்டர் போக 0.16 செகண்ட் ஆகுது, அதுக்குள்ள 12 சென்டிமீட்டருக்கு மேல கீழ விழுது, வேகம் செகண்டுக்கு 10 மீட்டர் கொறஞ்சா கூடுதலா 7, 8 மில்லிமீட்டர் எறங்கும். டார்கெட்ல ஒரு வளையத்தோட அகலமே 8தான். அப்போ அந்த ஒம்போது என் விரல் பண்ண தப்பு இல்ல, ரவுண்டோடது. போன வருஷ மேட்ச்ல எத்தன ஒம்போதுக்கு நான் என்னையே திட்டிக்கிட்டேன்னு நெனச்சுப் பாத்தேன்.

ஜனவரி 18

இ மேல முதல்ல ஆசை வந்துச்சு, இப்போ சந்தேகம் வந்துச்சு, ரெண்டுமே சோதனைக்கு ஆகாது. அதனால பக்கத்து லேன் அண்ணன்கிட்ட கேட்டேன், "அண்ணே, நீங்களே ஒரு வரிசைல போட்டுக் குடுங்க, எதுன்னு என்கிட்ட சொல்லாதீங்க". அவர்தான் ஒவ்வொரு ரவுண்டா சேம்பர்ல (பேரலோட பின் அறை) வெச்சு போல்ட்ட மூடினார், நான் ஸ்கோப்லேர்ந்து கண்ண எடுக்கவே இல்ல. லாட்டுக்கு 15 படியவிட, 40 கணக்குக்கு. நடுவுல நான் ஒரு தடவ அவசரப்பட, "தம்பி, ரிதம் ஒடையுது, மூச்சு விட்டுட்டு வா"ன்னார். சரியாத்தான் சொன்னார்.

பத்து ரவுண்டு குரூப் நாலு, நடுவுக்கு நடு மில்லிமீட்டர்ல: அ 17, 19, 18, 16. ஆ 16, 17, 15, 16. இ 11, 13, 24, 12.

சராசரி பாத்தா இ 15, ஆ 16, அ 17.5. சராசரிய மட்டும் எழுதினா இ லாட்தான் ஜெயிச்சதுன்னு ஆகும்!

(ஓட்டைய அளக்கிறவங்களுக்கு ஒண்ணு: வெளி ஓரத்துலேர்ந்து வெளி ஓரம் அளந்து 5.6 கழிக்காதீங்க. காகிதம் சுருங்கிக்கிறதால ஓட்டை தோட்டாவ விட சின்னதாதான் தெரியும். அதே காகிதத்துல தனியா இருக்கிற ஒரு ஓட்டைய அளந்து அத கழிங்க.)

ஜனவரி 19

நாலு டார்கெட் மேலயும் டிரேசிங் பேப்பர் வெச்சு, மையத்த சரியா பொருத்தி, 40 ஓட்டையையும் பேனாவால புள்ளி வெச்சேன். குரூப் நம்பர் சொல்லாதத இது சொல்லிடுச்சு. ஆ ஒரு உருண்டையான கூட்டம், மேல கீழயும் அகலமும் ஏறக்குறைய ஒண்ணு. அ நெட்டுக்குத்தா நீண்டிருக்கு, வேகம் சீரா இல்லைங்கிறதோட அடையாளம், க்ரோனோலயும் அதுக்குத்தான் 13 மீட்டர் வித்தியாசம், ஆ வெறும் 9. இ 38 புள்ளி அவ்ளோ அழகா நடுவுல, ரெண்டு மட்டும் நேர் கீழ, வேகம் 310, 312.

அந்தப் பேப்பர வெளிச்சத்துல புடிச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன்.

ஜனவரி 25

40ல ரெண்டுங்கிறது தற்செயலா இருக்கலாமேன்னு இ லாட்ல இன்னொரு 40. இந்தத் தடவ முன்னாடியே ஒவ்வொரு ரவுண்டோட அடி விளிம்பு தடிமனையும் கேஜ்ல (தடிமன் அளக்கிற கருவி) அளந்து, மெலிசு, நடு, தடிசுன்னு மூணு குவியலா பிரிச்சேன். எடையும் போட்டேன். ஒரு சாயங்காலம் முழுக்க போச்சு, விரலெல்லாம் மெழுகு, அந்த மெழுகுல ஒட்டுற தூசிய ஒவ்வொண்ணா தட்டிவிட்டு வெக்கணும்.

மறுபடி ரெண்டு கீழ விழுந்துச்சு. ரெண்டுமே நடு தடிமன் குவியல்லேர்ந்து, ரெண்டோட எடையும் மத்ததோட ஒண்ணுதான்.

யோசிச்சா புரியுது. மொத்த ரவுண்டு 3.3 கிராம், அதுல பவுடர் 0.1 கிராம் கூட இல்ல, எடைல தெரியுற வித்தியாசம் பித்தளையா ஈயமான்னு யார் கண்டா. ரிம்ஃபயர்ல (விளிம்புல அடிச்சு வெடிக்க வெக்கிற இந்த வகைல) பவுடரப் பத்தவெக்கிற பிரைமர் கலவைய விளிம்போட உள்மடிப்புக்குள்ள சுத்தி பரப்புறாங்க, துப்பாக்கியோட ஃபயரிங் பின் (அடிக்கிற ஊசி) அந்த விளிம்புல ஒரே ஒரு எடத்துலதான் அடிக்குது. அங்க கலவை கொஞ்சம் கொறஞ்சிருந்தா வெளியேர்ந்து எந்தக் கேஜும் காட்டிக்குடுக்காது, அத நாம திறந்து சரி பண்ணவும் முடியாது.

ஆக 80ல நாலு. 60 ரவுண்டு மேட்ச்ல மூணு ஷாட், நான் எவ்ளோ நல்லா விட்டாலும் கீழதான் போகும்.

பிப்ரவரி 1

ஆ லாட்ட காலைக் குளிர்ல வெளி ரேஞ்சுல, காத்து எழும்புறதுக்கு முன்னாடி சுட்டேன். சராசரி வேகம் 324லேர்ந்து 317க்கு எறங்கிடுச்சு, குரூப் மொத்தமா 5 மில்லிமீட்டர் கீழ. ஆனா குரூப் அளவு 17தான், சிதறவே இல்ல. எல்லாம் சேந்து எறங்கினா சைட்ல (குறி பாக்கிற அமைப்பு) க்ளிக் க்ளிக்கா திருகி சரி பண்ணிக்கலாம், ஒண்ணே ஒண்ணு எறங்கினா ஒண்ணும் பண்ண முடியாது. ரொம்ப சந்தோஷம் இன்னிக்கு.

பிப்ரவரி 8

ஆ லாட் நம்பரச் சொல்லி அதே நம்பர்தான் வேணும்னு கேட்டு, சீசனுக்குத் தேவையானத எடுத்தாச்சு. ஒவ்வொரு டப்பா மேலயும் மார்க்கர்ல "ஆ"ன்னு எழுதிட்டேன். இது என் பேரலுக்குத்தான், உங்க பேரல்ல அ ஜெயிக்கலாம், அதனால யாரும் லாட் நம்பர் கேக்காதீங்க, 40 சுட்டு டிரேசிங் பேப்பர் போடுங்க.

இ மிச்சம் 300 சொச்சம் இருக்கு. நின்னு சுடுற பிராக்டிஸுக்கு வெச்சுக்கிறேன், ஆனா க்ரோனோ இல்லாம சுட மாட்டேன். 315க்குக் கீழ காட்டினா அந்த ஷாட்ட என் நோட்டுல ஏத்துறதில்ல.