ஃபிரிட்ஜில் டர்பன் கடல்

ஃபிரிட்ஜில் பால் வைக்க இடமில்லை. கீழ்த்தட்டில் 2 லிட்டர் கோக் பாட்டிலுக்குள் டர்பன் கடல் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கொட்ட எனக்கும் தைரியம் இல்லை, இவருக்கும் இல்லை.

எல்லாம் டர்பன் பக்கம் பீனிக்ஸில் இருக்கும் அண்ணியால் வந்தது. "ஈஸ்டருக்கு இங்கே வாங்க, பீச்சில் சூரியோதய ஆராதனை இருக்கு" என்றார். பாளையங்கோட்டையிலிருந்து வந்து ஒரு மாதமாக ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் எங்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் என் மாமியார் அத்தைக்கு அது போதாதா? பெரிய வெள்ளியன்று கிளம்பினோம். ஆறு மணி நேரத்தில் போகிற என்-3 சாலையில், ஜோஹன்னஸ்பர்க்கே வீடு காலி செய்து டர்பனுக்குப் போகிறதோ என்கிற கூட்டம். வான் ரீனன் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, மோய் ரிவர் டோலில் நின்று, அத்தையின் புளியோதரையை வழியிலேயே தீர்த்து, போய்ச் சேரப் பத்து மணி நேரம்.

ஆராதனை 5:30-க்கு. அத்தை 2 மணிக்கே குளித்து, வெள்ளைச் சேலை கட்டி உட்கார்ந்துவிட்டார். "எங்க ஊர்ல மூணு மணிக்கே கோயில் மணி அடிச்சிரும். விடிஞ்ச பிறகு கும்பிட்டா அது டிபன் டைம் ஆராதனை." இங்கே ஏப்ரலில் சூரியன் 6 மணிக்கு மேல்தான் வரும் என்று இவர் போனைக் காட்டினார். போனைப் பார்த்துவிட்டு யாரும் கல்லறைக்குப் போகவில்லை என்று பதில் வந்தது.

அண்ணி குடும்பம் பின்னால் வருவதாகச் சொல்ல, நாங்கள் நாலரைக்கே நார்த் பீச்சில். தூரத்தில் வெள்ளை அங்கிகள், பாட்டு. "பாடகர் குழு வந்தாச்சு" என்று அத்தை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே விட்டார். கிட்டே போனதும் எனக்குப் புரிந்துவிட்டது. சீயோன் சபைக்காரர்கள், வெள்ளை அங்கி போட்டுத் திறந்தவெளியில் ஆராதிக்கிற ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்கள். ஞாயிறுதோறும் நம் பக்கத்துக் காலி மைதானத்தில் வட்டமாக நின்று கும்பிடுவார்களே, அவர்களைப் போலத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை வட்டத்துக்குள். அவர்கள் ஜூலுவில் பாட, அத்தை தமிழ்க் கீர்த்தனையை அதே தாளத்துக்கு இழுத்துப் பாடினார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது ஆமென், அல்லேலூயா மட்டும்தான். அதை வைத்தே முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டார். எனக்கும் அத்தைக்கும் நடுவில் அவ்வளவுகூடப் பொதுவாகக் கிடையாது.

அப்புறம் ஒவ்வொருவராகக் கடலுக்குள் கூட்டிப்போய் முக்கி ஞானஸ்நானம் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு வயதான அம்மா வந்து அத்தையின் கையைப் பிடித்தார். அப்போதுதான் அத்தைக்கு உறைத்தது. "நான் சி.எஸ்.ஐ.! எனக்குக் குழந்தையிலேயே தண்ணி தெளிச்சாச்சு!"

பள்ளியில் ஜூலு படிக்கிற என் மகள்தான் நடுவில் பாய்ந்து ஏதோ சொன்னாள். அந்தக் கோகோவுக்கு (ஜூலுவில் பாட்டி) அப்படி ஒரு சிரிப்பு. தன் தோளில் கிடந்த போர்வையை எடுத்து, காற்றில் நடுங்கிக்கொண்டிருந்த அத்தைக்குப் போர்த்தி, மணலில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சூரியன் மேலே வரும்வரை இரண்டு பேரும் பிடித்த கையை விடவில்லை. கிளம்பும்போது அவர் கொடுத்ததுதான் இந்த பாட்டில்.

நாங்கள் வந்த ஆராதனை 300 மீட்டர் தள்ளி நடந்து முடிந்திருந்தது. அண்ணி காலி பிளாஸ்க்கைக் கவிழ்த்துக் காட்டினார். ஹாட் கிராஸ் பன் ஒன்றுகூட மிச்சமில்லை. நாற்பது நாள் லெந்து கால நோன்பையும் பத்தே நிமிடத்தில் சரிக்கட்டியிருக்கிறார்கள்.

பாட்டிலை ஊருக்கு எடுத்துப் போக வேண்டுமாம். இவர் லக்கேஜ் கிலோவைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறார். நேற்று ராத்திரி நான் பாத்திரம் கழுவும்போது, அத்தை பேத்தியிடம் சொல்வது கேட்டது: "ஏட்டி, அந்த அம்மா பேரக் கேக்காம வந்துட்டேனே."