மார்கழிக் குளிரும் அம்மம்மாவும்

யாழ்ப்பாணத்தில் என்ன பெரிய குளிர் என்று கேட்பவர்கள், 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் செத்ததை மறந்துவிட்டார்கள். வயதானவர்களுக்குக் குளிர் உறைக்கிறதே குறைவு, நடுக்கமும் சரியாக வராது. எங்கள் அம்மம்மாவின் கை சில்லிட்டுப் போயிருக்கும், கேட்டால் "எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை" என்பா. அதனால் கேட்காதீர்கள், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அதுவும் குளிர்ந்து, பேச்சுக் குழறி, ஓயாமல் நித்திரை தூங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், உடம்புச் சூடு 35 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து.

விடியக் கிணற்றடிக் குளிப்பு வேண்டவே வேண்டாம். குளிரில் இரத்தக்குழாய் சுருங்கிப் பிரஷர் ஏறும், பாசி பிடித்த சீமெந்து வேறு வழுக்கும். வெயில் ஏறின பிறகு சுடுதண்ணியில் வார்த்துவிடுங்கள். இன்னொன்று, குளிர்காயக் கரி நெருப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள், அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணமே இல்லை.