லோயர் ஃபர்ஸ்ட்

மான்செஸ்டரில் கணினி அறிவியல் படித்தவர்களிடம் 'எல்எஃப்' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். அங்கே பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறை இருக்கும் கில்பர்ன் கட்டடத்தில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே 'லோயர் ஃபர்ஸ்ட்' என்று ஒரு தளம். 1997இல் முதல் வாரம், எல்எஃப் என்றால் லிஃப்டுக்குப் பக்கத்து அறையாக்கும் என்று நினைத்து லிஃப்டையே சுற்றி வந்தேன். கட்டடமோ சதுரம். எந்த மூலையில் திரும்பினாலும் பழைய மூலைக்கே வந்த மாதிரி இருக்கும்.

1972இல் அதைத் திறந்தபோது துறையில் எம்யூ5 என்ற கணினி உருவாகிக்கொண்டிருந்தது. ஒரு கணினிக்கே பெரிய கூடம் வேண்டியிருந்த காலம். எங்கள் காலத்தில் இயந்திரம் மேசைக்கடியில் ஒடுங்கிவிட்டது. ஆனாலும் நடுப்பக்கத்து அறைகளில் ஜன்னல் கிடையாது. கணினிக்குக் கட்டிய வீட்டில் நாங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்தோம் என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும். காலையில் ஆய்வுக்கூடத்துக்குள் போனால், வெளியே மழையா என்பதே தெரியாது. சரி, அந்த ஊரில் அதைக் கேட்கவும் வேண்டுமா!

கட்டடத்துக்குப் பெயர் தந்த டாம் கில்பர்னை நான் நேரில் பார்த்ததில்லை. 1981இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஆக்ஸ்ஃபோர்ட் சாலைக்கு மறுபக்கம், பிரிட்ஜ்ஃபோர்ட் தெருவில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1948 ஜூன் 21 அன்று அங்கேதான் அவரும் சேர்ந்து செய்த 'பேபி' என்ற கணினி ஓடியது. நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்து ஓட்டிய முதல் மின்னணுக் கணினி. அந்த நினைவகம், பழைய டிவியில் இருந்ததைப் போன்ற ஒரு கதிர்க்குழாய். அதில் மொத்தம் 1,024 பிட்கள், அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கங்கள். கில்பர்ன் எழுதிய நிரல் 2,62,144க்கு, அந்த எண்ணைத் தவிர்த்த மிகப் பெரிய காரணியைத் தேடி 52 நிமிடம் ஓடி 1,31,072 என்று விடை சொன்னது. பாதியாக்கினால் கிடைத்துவிடுமே என்று வகுப்பில் ஒருவன் முணுமுணுத்தான். அதனால்தானே விடை சரியா என்று உடனே தெரிந்தது!

1964இல் துறை தொடங்கியபோது அவர்தான் தலைவர். மறுவருடமே இளநிலை மாணவர்களைச் சேர்த்தார்கள். 1998இல் 'பேபி'யின் ஐம்பதாம் ஆண்டுக்கு அதே மாதிரி ஒன்றைச் செய்து ஓட்டினார்கள். ஊரே கொண்டாடியது. எனக்கு நினைவிருப்பது பரீட்சைக் கவலை மட்டும்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இன்று கைபேசிகளில் இருக்கும் ஏஆர்எம் சிப்பை முதலில் வடிவமைத்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஃபர்பர் 1990இலேயே மான்செஸ்டருக்கு வந்துவிட்டார். அவருடைய குழு மூளையைப் போல இயங்கும் ஸ்பின்னேக்கர் என்ற கணினியைக் கட்டியது. 2018 நவம்பரில் அதில் பத்து லட்சம் கோர்கள், அதாவது கணக்கிடும் கருக்கள், ஒன்றாக ஓடின. சிப் ஒன்றில் 18 கோர், பலகை ஒன்றில் 48 சிப், அப்படி 1,200 பலகைகள். மேசைக்கடியில் ஒடுங்கியது மறுபடி வளர்ந்து, அதே கட்டடத்தில் அலமாரி அலமாரியாக நிற்கிறது.

மறு வருடம் அந்தப் பக்கம் போனபோது பார்க்க ஆசைப்பட்டேன். முன்னனுமதி வேண்டுமாம். மூடிய கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று, விசிறிகளின் இரைச்சலைக் கேட்டுவிட்டு வந்தேன்.