ஆண்டு மலரில் வாழ்த்துச் செய்திக்கு எத்தனை பக்கம்?

மகளிர் இலக்கிய வட்டம் ஒன்று ஐம்பதாம் ஆண்டைத் தொட்டால் யாழ்ப்பாணத்தில் முதலில் எழும் கேள்வி, எந்த மண்டபம், பிரதம விருந்தினர் யார் என்பதுதான். மலர் வேலை கடைசி ஆறு கிழமைக்குத் தள்ளிப்போகும். பிறகென்ன, வாழ்த்துச் செய்திகளும் பொன்னாடைப் படங்களுமாக 96 பக்கமும் நிரம்பிவிடும். வாழ்த்துக்கு நாலு பக்கம் தாராளம். மிச்ச இடம் பட்டியல்களுக்கு வேண்டும்: எந்த மாதம் எந்த நூல் பேசப்பட்டது, அங்கத்தவர் எழுதியவை எந்த இதழில் வந்தன, யார் எந்தப் பெயரில் எழுதினார்கள்.

பெயர்ப் பட்டியல்தான் வில்லங்கமானது. குறமகள் என்றால் வள்ளிநாயகி இராமலிங்கம், யாழ்நங்கை என்றால் அன்னலட்சுமி இராசதுரை என்று வாசகர் பலருக்குத் தெரியும். அவ்வளவு அறியப்படாதவர்கள் கலியாணத்துக்கு முன் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடும், பின்னர் கணவர் பெயரோடும், இடையில் புனைபெயரிலும் எழுதியிருப்பார்கள். கவனிக்காவிட்டால் ஒருத்தியே மூன்று பேராகிவிடுவார். ஆளுக்கொரு அட்டை போடுங்கள். இயற்பெயர், பிறந்த ஊர், புகுந்த ஊர், எழுதிய எல்லாப் பெயர்களும், ஒவ்வொரு பெயரும் முதலில் வந்த இதழும் திகதியும் அதில் இருக்கவேண்டும். அச்சில் இயற்பெயரின் கீழ் முழு விவரம், மற்றப் பெயர்களுக்கு நேரே ‘காண்க’ மட்டும். புனைபெயரை உடைக்கச் சம்மதமா என்று அவரிடமோ பிள்ளைகளிடமோ எழுத்தில் வாங்குவது அவசியம். சிலர் காரணத்தோடுதான் மறைந்து எழுதினார்கள்.

கூட்டக் குறிப்புகள் முழுதாகக் கிடைக்கும் என்று நம்பவேண்டாம். 1981 இல் பொது நூலகம் எரிந்தது. 1995 ஒக்ரோபர் போர் இடப்பெயர்வில், கூட்டக் குறிப்பு எழுதிய சீ.ஆர். கொப்பிகளை (தடித்த அட்டைக் கொப்பிகள்) அலுமாரியில் விட்டுவிட்டுத்தான் சனம் வெளிக்கிட்டது. இடைவெளியை ஊகத்தால் நிரப்பாமல் ‘குறிப்புக் கிடைக்கவில்லை’ என்று ஆண்டுக்கு நேரே அச்சிடுங்கள். அதைப் பார்த்துத்தான் யாரோ ஒருவர் பழைய அழைப்பிதழைத் தேடி எடுத்து வருவார். மல்லிகை, கலைச்செல்வி போன்ற பழைய இதழ்களை ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத் தளத்தில் பார்க்கும்போது பெயரைத் தேடிவிட்டு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு இதழாகத் திறந்து உள்ளடக்கப் பக்கத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும். தேடல் பெட்டிக்கு எழுத்துப்பிழையும் தெரியாது, புனைபெயரும் தெரியாது.

அடுத்த தலையிடி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பழைய கோப்புகளை யூனிக்கோடுக்கு மாற்றும்போது காற்புள்ளி எல்லாம் ‘இ’ ஆகிவிடும், ஏனென்றால் பாமினியில் ‘இ’ இருப்பது காற்புள்ளி விசையில். ‘கவிதைஇ சிறுகதைஇ கட்டுரை’ என்று எத்தனை மலரில் வந்துவிட்டது! இக்காலத் தமிழ்ச் சொல் எதுவும் தனி ‘இ’யில் முடிவதில்லை. ஆகவே ‘இ’யும் அதன்பின் ஓர் இடைவெளியும் வரும் இடங்களைத் தேடிக் காற்புள்ளியாக மாற்றலாம். புள்ளி வைக்காத முதலெழுத்தும், பழைய செய்யுளில் வரும் ‘தழீஇ’ போன்ற அளபெடைச் சொல்லும் இதில் அகப்பட்டுவிடும், அதால் ‘எல்லாவற்றையும் மாற்று’ என்பதை அழுத்தாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மாற்றிய பிறகு ஒப்புநோக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிக்க மற்றவர் அச்சைப் பார்ப்பது. எழுதியவரிடமே கொடுத்தால் தான் எழுத நினைத்ததைத்தான் வாசிப்பார்.

அச்சகத்துக்குப் போகமுன் பக்கத்தை 16 ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு பெரிய தாளை மடித்தால் 16 பக்கம் வரும், 96 என்றால் ஆறு தாள்மடிப்பு. 98 ஆனால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு மடிப்புக்குக் காசு போகும், ஒரு வாழ்த்துச் செய்தியை வெட்டுவது மலிவு. இந்தத் தடிப்புக்குப் பின்னூசி குத்தினால் மலர் விரிந்து நிற்கும், முதுகில் பசை ஒட்டவேண்டும். அப்படியானால் உள்ஓரம் 20 மில்லிமீற்றர் விடாவிட்டால் வரியின் தலை பசைக்குள் போய்விடும். உள்தாள் 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை), அட்டை 250 அல்லது 300. குழுப்படம் ஆறு அங்குல அகலத்தில் வர 1800 பிக்சல் தேவை. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

விழா நாளுக்கு நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் கார்த்திகை மழையையும் தவிருங்கள். தீவுப்பக்கத்து அங்கத்தவர் இருந்தால் காலையில் தொடங்குவது நல்லது, பின்னேரப் படகையும் கடைசி பஸ்ஸையும் நினைத்துக்கொண்டு யாரும் உரை கேட்கமாட்டார்கள். 12 பேச்சாளர், தலைக்குப் பத்து நிமிடம் என்றால் இரண்டு மணித்தியாலம் என்று எண்ணுவார்கள். அறிமுகத்துக்கு மும்மூன்று நிமிடம் சேர்ந்தால் இன்னும் 36. ஏழு பேருக்கு மேல் அழைக்காதீர்கள்.

மங்கல விளக்குத் திரியை முதல் நாளிரவே நல்லெண்ணெயில் ஊறப்போட்டு, நுனியில் கற்பூரத்தூள் ஒட்டி வையுங்கள். விளக்கேற்றும்போது காற்றில் அணையாமல் விசிறியை நிற்பாட்ட, மேடை விசிறிச் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.