களி உலையில் இன்னும் போர் தண்ணி ஏன்?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் ஓடத் தொடங்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவிரி தெருக்குழாய்க்கே வந்தது. ஆனாலும் பல வீடுகளில் குடிக்க மட்டும்தான் ஒகேனக்கல் தண்ணி. களி கிண்டவும் பருப்பு வேகவைக்கவும் போர் தண்ணிதான். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு என்ற உப்பு இங்கே போர் தண்ணியில் அதிகம்; அது சோற்றோடு உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது.

தெரியாமல் இல்லை. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பல்லில் காவி ஏறுவது எதனால் என்று பிள்ளைகளே சொல்லும். சிக்கல் குழாய் இருக்கும் இடத்தில். அடுப்படிக் குழாய்க்கு மாடி சின்டெக்ஸிலிருந்து போர் தண்ணி இறங்குகிறது, ஒகேனக்கல் குடம் வாசலில் இருக்கிறது. அவசரத்தில் உலை வைக்கும் கை பக்கத்துக் குழாயைத்தான் திருப்பும். புளோரைடுக்கு நிறமில்லை, வாசமில்லை, கெடுதல் தெரிய வருஷங்கள் ஆகும். தப்பு செய்த அன்றே வயிறு வலித்தால் மனசு கற்றுக்கொள்ளும். இதில் அந்தப் பாடம் கிடைக்காது.

"கொதிக்க வச்சா போயிடும்" என்பதும் தவறு. ஆவியாவது தண்ணீர்தான், புளோரைடு தங்கி இன்னும் அடர்த்தியாகும். கேண்டில் ஃபில்டர், யூவி (புற ஊதா ஒளிக் கருவி) இரண்டும் புளோரைடைத் தடுக்காது. ஆர்.ஓ. தடுக்கும்.

எனவே அறிவுரையைக் குறைத்து அடுப்படியை மாற்றுங்கள். நாலு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு சுமார் 20 லிட்டர் வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணி வந்தால் 60 லிட்டர், 15 லிட்டர் குடம் நான்கு. அதில் ஒன்று, மூடியும் குழாயும் வைத்தது, அடுப்புக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சிங்க் குழாய்க் கழுத்தில் சிவப்புப் பெயிண்ட் அடியுங்கள். "இனி கவனமா இருப்பேன்" என்பதைவிட "உலைப் பானையை எடுத்தால் மேடைக் குடத்தில்தான் பிடிப்பேன்" என்று நேரத்தோடு கட்டிய தீர்மானமே நிற்கும். 21 நாளில் பழகிவிடும் என்று நம்ப வேண்டாம். லண்டனில் உளவியல் ஆய்வாளர் லாலியின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பழக்கம் ஊன்ற நடுவாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கிட்டார்கள்.

ஊர்க்கூட்டத்தில் வளைந்த காலின் படத்தைக் காட்டினால் சனம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வழி சொல்லாத பயம் மறுப்பாகத்தான் மாறும். "முக்கால்வாசிப் பேர் இன்னும் போர் தண்ணிதான்" என்று குறைபடுவது அதைவிடக் கெடுதல். அமெரிக்காவின் அரிசோனாவில், கல்லாகிப்போன பழைய மரங்கள் கிடக்கும் கல்மரக் காட்டில், பலர் கல்மரத் துண்டுகளைத் திருடுகிறார்கள் என்று பலகை வைத்தபோது திருட்டு கூடியதை உளவியலாளர் சியால்டினியின் குழு கண்டது. மாறிய வீட்டு அடுப்படியைக் காட்டுங்கள். புளோரைடு பார்க்கும் களப் பரிசோதனைப் பெட்டியின் சிர்கோனியம் கரைசலை இரண்டு தண்ணியிலும் எல்லார் முன்னாலும் விடுங்கள். புளோரைடு இல்லாதது இளஞ்சிவப்பாக நிற்கும், ஏற ஏற மஞ்சளாகும். புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை.

முதலில் கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ள வீடுகள், அங்கன்வாடிச் சமையல். பல் உருவாகும் எட்டு வயதுக்குள்தான் கறை ஏறும். புதுப் பிள்ளை வந்த வீட்டில் எல்லா வழக்கமும் கலைந்து அமைவதால் இதையும் சேர்த்து மாற்றுவது சுலபம்.

தண்ணீர் பிடித்து வைப்பதால் டெங்கு கொசுவும் வரும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை கொட்டிவிட்டு உட்சுவரைத் தேங்காய்நாரால் தேய்க்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், அலசினால் மட்டும் போகாது.