ஐசியு ரவுண்ட்ஸ்ல நர்ஸும் வாய் திறக்கணும்

சென்னைல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி ஐசியுல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். நான் சேர்ந்த புதுசுல ரவுண்ட்ஸ்னா, அதாவது டாக்டருங்க ஒவ்வொரு பெட்டா வந்து பாக்கறப்ப, சீஃப் டாக்டர் பேசுவார், டியூட்டி டாக்டர் பதில் சொல்வார், நாங்க சார்ட்டை நீட்டிட்டு ஓரமா நிப்போம். ராத்திரி பூரா பெட் பக்கத்துலயே இருந்தது யாரு, நாங்கதானே?

ராத்திரில கூப்பிடறதுதான் பெரிய பாடு. "டாக்டர், பேஷண்ட் சரியில்ல, கொஞ்சம் வாங்களேன்"னா "என்ன சரியில்ல சிஸ்டர்?"னு எரிஞ்சு விழுவாங்க. எங்க இன்சார்ஜ் சிஸ்டர்தான் எஸ்பார் (SBAR) முறைய கொண்டு வந்தாங்க, இப்ப என்ன நிலைமை, பேஷண்ட்டோட பின்னணி, நீ என்ன நினைக்கிற, டாக்டர்கிட்ட என்ன வேணும், இந்த வரிசைல சொல்லணும். அமெரிக்க நேவி சப்மரீன்ல இருந்து வந்ததாம்.

இதுல மூணாவதுதான் எங்களுக்கு வாயிலயே வரல. டயக்னோசிஸ் சொல்றது நம்ம வேலையான்னு சீனியர் அக்காங்களே கேட்டாங்க. ஆனா ஒரு நைட்ல நான் "டாக்டர், நாலாம் பெட், செப்சிஸ், 60 கிலோ. நாரட் ஏத்தியும் மேப் 58தான், ரெண்டு மணி நேரமா யூரின் மொத்தமே 20 எம்எல், ஷாக் மோசமாகுதுன்னு நினைக்கிறேன், இப்பவே வந்து பாக்கணும்"னு சொன்னேன், மறுபேச்சு இல்லாம ஓடி வந்தாங்க. செப்சிஸ்னா கிருமித் தொற்றால உடம்பே நிலைகுலையறது, நாரட் பிரஷர் ஏத்தற மருந்து, ஷாக்னா ரத்த ஓட்டம் போதாம உறுப்புங்க தவிக்கறது. மேப்ங்கற சராசரி பிரஷர் 65க்கு மேல நிக்கணும், அந்த எடைக்கு மணிக்கு 30 எம்எல்லாவது யூரின் வரணும், நம்பரா சொல்லிட்டா அப்புறம் யாரும் தட்ட முடியாது.

ஃபோன் ஆர்டரும் அப்படித்தான். "நாரட் 5ல ஓட்டுங்க"ன்னா உடனே "சிங்கிள் ஸ்ட்ரெங்த்தா டபுளா டாக்டர்?"னு கேட்டு, எழுதி, திருப்பி வாசிச்சுக் காட்டுவோம், ஏன்னா டபுள்னா அதே 5 எம்எல்ல மருந்து ரெண்டு மடங்கு போகும். முதல்ல சில பேருக்கு கோபம் வந்துச்சு, கேக்கறதுக்கு நாங்க கூச்சப்படல, படவும் கூடாது.

அப்புறம் இன்சார்ஜ் சிஸ்டர் சீஃப்கிட்ட பேசி ரவுண்ட்ஸ்ல நர்ஸ் முதல்ல பேசறதுன்னு ஆக்கிட்டாங்க. செடேஷன் (மயக்க மருந்து), வலி, லைன் (மருந்து ஏத்தற குழாய்), பெட்சோர் (படுக்கைப் புண்), வீட்டுக்காரங்க என்ன கேட்டாங்க, எல்லாம் சொல்லுவோம். ஒரு தாத்தா விடியக்காலைல பேர் சொல்லிக் கூப்பிட்டா என் கைய அழுத்தறார்னு ரவுண்ட்ஸ்ல சொன்னேன், சீஃப் அங்கயே செடேஷன நிறுத்தச் சொல்லி, தானா மூச்சு விடறாரான்னு ட்ரையல் போட்டுப் பாத்தாங்க, மறுநாள் வென்டிலேட்டர் ட்யூப் எடுத்தாச்சு.

புது பேட்ச் டாக்டருங்க வரும்போதெல்லாம் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இப்ப இன்சார்ஜ் சிஸ்டர் அவங்கள முதல் வாரமே ஷிஃப்ட் மாறும்போது நாங்க பேஷண்ட் விவரத்த ஒப்படைக்கற ஹேண்டோவர்ல நிக்க வைக்கிறாங்க.