எங்கள் பள்ளிக்கூடத்தில் அம்மாயிகள் படித்த ஆறு மாதம்

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்குப் பக்கம். இரண்டு ஆசிரியர்கள் இருக்கிற தொடக்கப் பள்ளி. என் பையன் அங்கேதான் படித்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருந்தேன். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். பெண்கள் வரத்தான் செய்தார்கள். ஆனால் தீர்மானப் புத்தகம் கைமாறும்போது மைப்பெட்டியும் கூடவே கைமாறும். பேரப்பிள்ளைகளுக்காக வரும் அம்மாயிகள் விரலை மையில் தொட்டு வைத்துவிட்டு, முந்தானையில் துடைத்தபடி அவசரமாக எழுந்து போவார்கள்.

2023 ஆகஸ்டில் தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் பள்ளியிலேயே ஒரு மையம் தொடங்கலாம், தன்னார்வலராக வருகிறாயா அம்மிணி என்று. 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாத எல்லோருக்குமான திட்டம் அது. 2022இல் தொடங்கி 2027 வரை நடக்கிறது. சொல்லிக்கொடுப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் இருந்தபோது மாதம் ஆயிரம் ரூபாய் வந்தது, இதில் அதுவும் இல்லை. சரி என்று சொன்னேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு, ஈரோடு மாவட்டத்தில் 73 கூட இல்லை. மீதி இருப்பவர்கள் யார் என்று நான் எங்கேயும் தேடிப் போக வேண்டியதில்லை, எங்கள் வீதியிலேயே இருந்தார்கள்.

பெயர் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆதார் எண் கேட்டதுமே பாதிப் பேர் பின்வாங்கினார்கள். முதியோர் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். தலைமையாசிரியரே என்னோடு வீடு வீடாக வந்து உட்கார்ந்து பேசினார். "உங்க பேரன் வாத்தியார் சொல்றேனுங்க" என்றதும் கதவு திறந்தது. இதே வேலையை வெளியிலிருந்து வேறு யாராவது வந்து செய்திருந்தால் நடந்திருக்காது. பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள்.

வகுப்பு நேரத்தில் முதலில் தப்பு செய்தேன். இரவு ஏழு மணி என்று வைத்தேன். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்ட சமயம், நடவு வேலை. நாளெல்லாம் சேற்றில் குனிந்து நின்றவர்கள் ஏழு மணிக்குப் பலகையைப் பார்த்தபடியே தூங்கிப்போனார்கள். இரண்டு வாரத்தில் ஆறு பேர்தான் மிஞ்சினார்கள். அப்புறம் அவர்களிடமே கேட்டேன். நூறு நாள் வேலை முடிந்து வந்த பிறகு, சாயங்காலம் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றப் போவதற்கு முன்னால் ஒரு இடைவெளி இருக்கிறது என்றார்கள். இரண்டரையிலிருந்து நான்கு மணி வரை. பள்ளியும் அப்போது நடந்துகொண்டிருக்கும். தலைமையாசிரியர் தாழ்வாரத்தை ஒதுக்கிக் கொடுத்தார். திட்டப்படி மொத்தம் 200 மணி நேரம் நடத்த வேண்டும். தினம் ஒன்றரை மணி நேரம், மாதம் இருபத்திரண்டு நாள் என்று கணக்குப் போட்டால் ஆறு மாதம். அந்த நேரத்துக்கு மாற்றிய பிறகு விட்டுப்போனவர்களும் திரும்பி வந்தார்கள்.

இனி சொல்லப்போவதைத் தன்னார்வலராகச் சேர நினைக்கிற ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டும்.

மூன்று வாரம் ஆகியும் ஒரு அம்மாயிக்கு 'ப'வும் 'ம'வும் பிடிபடவே இல்லை. "நமக்கு மண்டையில ஏறாது கண்ணு, உடு" என்று புத்தகத்தை மூடுவார். ஒருநாள் அவருடைய ரவிக்கையில் கொக்கி அறுந்திருந்தது. தைத்துக் கொள்ளலாமே என்றேன். "ஊசியில நூல் கோத்தே பத்து வருசம் ஆச்சு. பேத்திதான் கோத்துக் குடுக்கோணும்" என்றார். எனக்குச் சுரீர் என்றது. மறுநாள் ஒரு ஊசியும் நூலும் கொண்டுபோய் எல்லோரிடமும் கொடுத்துப் பார்த்தேன். பதினெட்டுப் பேரில் பதினொரு பேரால் கோக்க முடியவில்லை. இத்தனை நாளும் நான் எழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன், அவர்கள் கண்ணுக்கு எழுத்தே தெரியவில்லை! நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லோருக்கும் நடப்பதுதான். படித்தவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். படிக்காதவர்களுக்கு அது தெரியவருவதே இல்லை.

அரசு மருத்துவமனைக்காரர்கள் நடத்திய கண் பரிசோதனை முகாமுக்கு எல்லோரையும் கூட்டிப்போனோம். இரண்டு பேருக்குக் கண்புரை என்று சொல்லி அறுவைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கண்ணாடிதான் தேவை. அந்த அம்மாயி கண்ணாடி போட்டு உட்கார்ந்த முதல் நாள், புத்தகத்தை விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எழுத்து ஓடி வந்தது. 'அ'வில் தொடங்காதே, வளைவும் சுழிவும் அதிகம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். ட, ப, ம என்று எளிதாக எழுத வரும் எழுத்துகளில்தான் தொடங்கியிருந்தோம். படம், மடம், பட்டம், பட்டா. 'பட்டா' என்று எழுதி முடித்ததும் ஒரு அக்கா, "எங்க வளவுல யாருக்கும் அது இன்னும் வரலீங்க" என்றார். அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அதே பேச்சு. நானும் தடுக்கவில்லை. நெசவுக்கு ராட்டையில் நூல் சுற்றிய கைகள் பென்சிலை இறுக்கிப் பிடித்துத் தாளைக் கிழித்துவிடும். அதனால் முதலில் சிமெண்டுத் தரையில் சாக்கட்டி, பிறகு சிலேட்டு, கடைசியில்தான் நோட்டு. கணக்கு அவர்கள் மனதில் ஏற்கெனவே இருந்தது. கூலியையும் பால் பணத்தையும் வாயாலேயே கூட்டிச் சொல்லிவிடுவார்கள். எழுதச் சொன்னால் நூற்றி ஒன்றை 1001 என்று எழுதுவார்கள். நூறு, பக்கத்தில் ஒன்று. காதுக்குக் கேட்கிறபடி எழுதினால் அப்படித்தானே வரும்? பத்து ரூபாய்த் தாள், நூறு ரூபாய்த் தாளைக் கட்டம் கட்டமாக வைத்துக் காட்டி அதைத் திருத்த ஒரு வாரம் ஆனது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மணி அடித்ததும் ஓடிவந்து சிலேட்டைப் பார்ப்பார்கள். "ஆத்தா, கால் போடாம உட்டுட்டீங்க" என்று பேரன் சொல்லுவான். கோபப்படுவாரோ என்று நினைத்தேன். சேலையால் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதினார்.

தேர்வு மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே பள்ளியில். வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு மூன்றுக்கும் தலா 50, மொத்தம் 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். காலையிலிருந்து மாலைக்குள் அவரவர் வசதிப்படி வந்து எழுதலாம் என்றது பெரிய உதவி, ஏனென்றால் மஞ்சள் வெட்டு நடக்கிற காலம். ஒருவர் காட்டிலிருந்து நேராக வந்தார். கையை எத்தனை முறை கழுவியும் போகவில்லை. அவருடைய வினாத்தாளின் ஓரமெல்லாம் மஞ்சள் விரல் தடம். பதினாறு பேர் எழுதினார்கள், பதினாறு பேரும் தேறினார்கள்.

வங்கியில்தான் சிரமப்பட்டோம். கைநாட்டுக் கணக்கைக் கையெழுத்துக்கு மாற்ற மூன்று முறை அலைந்தோம். "ரேகையே இருக்கட்டும், எதுக்கு வம்பு" என்று திருப்பி அனுப்பினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாவது முறை, விண்ணப்பம், ஆதார் நகல், புகைப்படம், பாஸ்புத்தகம் எல்லாம் எடுத்துக்கொண்டு, கற்போர் சான்றிதழையும் மேசையில் வைத்து, அதிகாரி முன்னாலேயே கையெழுத்துப் போட்டுக் காட்டினார்கள். அப்புறம் மாற்றிக் கொடுத்தார்கள். போகிறவர்கள் இத்தனையையும் முதல் தடவையே கொண்டுபோய்விடுங்கள்.

எனக்கு இருக்கிற கவலை வேறு. எங்கள் பதினெட்டுப் பேரில் ஒருவர், ஈரோடு மாவட்டம் பெரியார் மாவட்டம் என்ற பெயரில் இருந்த காலத்திலேயே, பெரியவர்களுக்கு எழுத்தறிவு சொல்லிக்கொடுத்த அறிவொளி வகுப்புக்குப் போனவர். அப்போது பெயர் எழுதப் பழகியிருந்தார். பிறகு வாசிக்க எதுவும் கையில் இல்லாததால் எல்லாம் மறந்துவிட்டது என்றார். அதைக் கேட்ட பிறகு, தேர்வோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பள்ளி நூலக அலமாரியின் சாவியை வெள்ளிக்கிழமைகளில் தலைமையாசிரியர் எங்களுக்குத் தருகிறார். பிள்ளைகளுக்கான கதைப் புத்தகங்கள், எழுத்தும் பெரிதாக இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துப்போய் அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டுவர வேண்டும். எல்லோரிலும் இளையவரான ஒரு அக்கா, எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாமா என்று கேட்டிருக்கிறார். ஐந்து நோட்டுகளை வாங்கி, அட்டை போட்டு, ஒவ்வொன்றின் மேலும் தன் பெயரை அவரே எழுதி வைத்திருக்கிறார்.